மாரத்தான் பாதையில் கேட்ட வேல்

முருகனை நம்பும் சொந்தங்களே, வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு வந்ததே வெட்கப்பட வைக்கிற வியாதி.

தொண்ணூறுகளின் கடைசியில் புனே பக்கம் ஆகுர்டியில் ஒரு மோட்டார் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் வயிற்றால் போக ஆரம்பித்தது. பிறகு ரத்தமாகவே போனது. மெஷினை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு, அந்த ஊர்ப் பேச்சில் சண்டாஸுக்கு, ஓடுவேன். திரும்பி வருவதற்குள் மறுபடியும் முடுக்கும். கூட வேலை பார்த்தவர்கள் பாவம், வடா பாவின் மேல் பழி போட்டார்கள். பெருங்குடலில் புண், ஆயுசுக்கும் மருந்து என்றார் டாக்டர். பஸ் ஏறப் பயம், கல்யாணத்துக்குப் போகப் பயம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்து அழுதேன். "முருகா, என்னை எழுப்பி விடு. பழனிக்கு ஓடி வர்றேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

எழுப்பி விட்டான். மருந்து கேட்டது, சாப்பாடு உடம்பில் ஒட்டியது. பழனிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்தபோது, எங்கள் டாக்டரிடம் வரும் நோயாளிகள் கூடிப் பேசினோம். இதே வியாதிக்கு மருந்து வாங்க வழியில்லாதவர்களுக்காக நிதி சேர்க்க வேண்டும், மாரத்தானில் யாராவது ஓடினால் நாலு பேர் கொடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். சண்டாஸ் எங்கே என்று தேடியே பழகிய கூட்டம் எங்கே ஓடுவது?

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி செல்வி சிரித்துவிட்டாள். "ஓடி வர்றேன்னுதானே வேண்டுனீங்க? ரயில்ல வர்றேன்னா சொன்னீங்க? அந்த ஓட்டத்தை இங்கேயே ஓடுங்க, முருகன் ஏத்துக்குவான்."

மறுநாளிலிருந்து விடிகாலையில் நாங்கள் குடியிருந்த நிக்டித் தெருக்களில் ஓடிப் பழகினேன். கம்பெனி நண்பர்கள் நிதி தருவதாகச் சொன்னார்கள். ஆனால் கிண்டல்காரர்கள். நேரம் முடிவதற்குள் முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் பணம் என்று நிபந்தனை போட்டார்கள்.

அந்த நாளும் வந்தது. நெற்றி நிறையத் திருநீறு. பாதி தூரம் வரை நன்றாகத்தான் ஓடினேன். அப்புறம் வயிறு பிசைந்தது. இருபுறமும் பூட்டிய கடைகள். நின்றால் நேரம் போய்விடும், ஓடினால் மானம் போய்விடும். ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். மருந்துக்குக் காத்திருந்தவர்களை நினைத்து அழுகை வந்தது. "வேல்... வேல்..." என்று புலம்பினேன்.

ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மராத்தி அம்மா குனிந்து என் தோளைத் தொட்டார்.

"வேள் ஆஹே, பாவூ! அஜூன் வேள் ஆஹே!"

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மராத்தியில் வேள் என்றால் நேரம். நேரம் போய்விட்டதென்று நான் புலம்புவதாக நினைத்து, இன்னும் நேரம் இருக்கிறது தம்பி என்று தேற்றியிருக்கிறார். எனக்கும் மராத்தி தெரியும். ஆனாலும் என் காதில் விழுந்தது, வேல் இருக்கிறது என்றுதான்.

நான் வயிற்றைப் பிடித்திருப்பதைப் பார்த்தார். எதிரே இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளியலறையைக் காட்டினார். வெளியே வந்தபோது உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோடு நின்றார். "பளா ஆதா!", ஓடு இப்போது என்று விரட்டினார். ஓடினேன். நேரம் முடியும் தறுவாயில் கோட்டைத் தாண்டினேன். கிண்டல் செய்த நண்பர்களே என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள்.

வியாதி இன்றும் இருக்கிறது, மாத்திரையும் சாப்பிடுகிறேன். வெட்கம் மட்டும் போய்விட்டது. புதிதாக யாராவது ஆஸ்பத்திரியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால், நானே பக்கத்தில் போய் உட்கார்ந்து என் கதையைச் சொல்கிறேன்.

உங்களுக்கும் முடியாமல் போகும்போது அவனைக் கூப்பிடுங்கள். பதில் எந்த பாஷையில் வந்தாலும் காது கொடுங்கள். வேல் இருக்கிறது. நேரமும் இருக்கிறது.