மாரப்பன் காட்டிய வீடு

என் அக்கா சுகுணாவின் கணவர் மாரப்பன், தொப்பூர் கணவாயில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மலையில் ஒரு முறை சிறுத்தையைப் பார்த்தாராம். முதலில் சொன்னபோது அது ரோட்டைக் கடந்து போனது. போன வருடம் சொன்னபோது கடைக்குள்ளேயே வந்து இவரை முறைத்துவிட்டுப் போயிருந்தது. யாருக்கும் நட்டமில்லாத பொய்தானே என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவோம். அப்படி விட்டுவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய ஒரே மகன் முருகேஷ் டைல்ஸ் போடுகிறவன். பெங்களூரில் தொழில் கற்றுக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் ஏஜென்ட் மூலமாக மால்டாவுக்குப் போனான். மத்தியதரைக் கடலில் அது ஒரு குட்டித் தீவு. அங்கே வலேட்டா என்ற நகரத்தில் பழைய கட்டிடங்களை உள்ளே இடித்துப் புதுசாக்கிப் பணக்காரர்களுக்கு விற்கிறார்கள். அந்த வேலையில்தான் இவன் இருக்கிறான். தங்குவது ஒரே அறையில், ஆறு பேராக.

போன தை மாதம் ஒரு வீட்டு வேலை முடிந்ததும் அப்பாவுக்கு வீடியோ அனுப்பினான். மூன்றாவது மாடி. கூடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய டைல்ஸ், கண்ணாடி வைத்த குளியலறை, பச்சை வண்ணம் அடித்த மரப் பால்கனி, அதற்குக் கீழே கடல். சமையல் மேடை மட்டுமே எங்கள் வீட்டு முன்னறை நீளத்துக்கு இருந்தது. "அப்பா, இது நான் செஞ்ச வேல" என்று கூடவே குரலும் அனுப்பியிருந்தான்.

மாமா அந்தக் குரலை யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. வீடியோவை மட்டும் காட்டினார். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரோ ஒருவர் "பையன் வூடா?" என்று கேட்டபோது இவர் இல்லை என்று சொல்லவில்லை. டீயை ஆற்றிக் குடித்தார். பக்கத்தில் நான் இருந்தேன்.

மாசியில் காரிமங்கலம் பக்கத்திலிருந்து சோபனாவின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். முருகேஷுக்குப் பார்த்திருந்த பெண் சோபனா, தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள், இடம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம். காபியோடு எழுந்துவிட்டால் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வந்தவர்கள் பதினொரு பேர். மாமாவின் வீடு இரண்டே அறை, மேலே சிமெண்ட் ஷீட், பின்பக்கச் சுவர் இன்னும் பூசாமல் கிடக்கிறது. வந்ததில் ஒரு பெரியம்மா சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். சோபனாவின் அப்பா கிருஷ்ணப்பன் காபி டம்ளரை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"இன்னொரு நாளு சாவகாசமா வர்றமுங்க" என்றார்.

உள்ளே அக்கா இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. மாமா அவளைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"இது நானும் அவளும் இருக்கறதுக்குங்க. பையன் வூடு அங்க இருக்குது, பாருங்க. கல்யாணம் ஆனா பொண்ணு அங்கதான் போவப் போவுது."

"சொந்தமுங்களா?"

"சொந்தந்தாங்க. பில்டிங் கம்பெனியில பெரிய வேல."

போன் பதினொரு கை மாறியது. பெரியம்மா பால்கனியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சாம்பார் ஊற்றியது நான். எனக்கு உண்மை தெரியும். கிருஷ்ணப்பன் இலைக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன். ஆனாலும் ஊற்றினேன்.

கிருஷ்ணப்பன் கண்டிப்பான ஆள். வீடியோவை மகளுக்கு அனுப்பச் சொன்னார். தாலி கட்டும் வரைக்கும் பையனும் பெண்ணும் போனில் பேசக் கூடாது என்றார். மாமாவுக்கு அது வசதியாகப் போயிற்று. எனக்கும் நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

"கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிரும், சின்னராஜு" என்றார் மாமா. எப்படிச் சரியாகும் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிருஷ்ணப்பன் டூவீலரில் தனியாக வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாப்பா அந்தப் படத்த நெட்டுல போட்டுத் தேடிச்சுங்க. வூட்ட விக்கறதா போட்டிருக்குது. அதே பால்கனி, அதே கடலு. வெல என்னன்னு கேட்டா பாப்பா சொல்ல மாட்டேங்குது, மொகத்தத் திருப்பிக்குது."

அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் அப்பாவுக்குத்தான் புரியவில்லை. அவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு பட்டா ஜெராக்ஸை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"பையனுக்கு என்ன நெருக்கடியோ, நம்மகிட்ட சொல்லச் சங்கடப்பட்டிருக்கும். ஏரிக்கரையோரம் பாப்பாவுக்குன்னு அர ஏக்கரா வெச்சிருக்கறேன். அத வித்துக் குடுத்தர்றேன். வூட்ட மட்டும் விக்க வேணாம்னு சொல்லுங்க. நம்ம புள்ளைங்க குடியிருக்கப் போற வூடு."

அவர் சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்போம். உதவ வந்திருந்தார். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. மாமா ஜெராக்ஸை வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

"அது நம்ம வூடு இல்லீங்க" என்றார் மாமா. இருபத்திரண்டு வருடம் லாரி சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிய மனுஷன், பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். "பையன் அங்க டைல்ஸ் போடறான். ஒரு ரூமுல ஆறு பேரா இருக்கறான். நான் பொய் சொல்லிப்புட்டங்க."

கிருஷ்ணப்பன் காகிதத்தை நாலாக மடித்தார்.

"டைல்ஸ் போடறவன்னு சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பன்? நானே கெணறு வெட்டப் போனவன்தான்."

அன்றைக்குச் செருப்பைத் தேடியவரும் இவர்தான் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அதைச் சொல்ல எங்களுக்கு ஏது வாய்?

"பையனும் இதுக்கு ஒடந்தையா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"உங்க சத்தியம் எனக்கு வேணாம். போனப் போட்டு, நான் கேக்கற மாதிரி அவங்கிட்ட சொல்லுங்க. தெரிஞ்சு செஞ்சிருந்தான்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

மாமா ஸ்பீக்கரில் போட்டார். அங்கேயும் லீவு நாள்; யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மாமா மறைக்காமல் சொன்னார். டீக்கடையில் ஆரம்பித்து, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணப்பன் வரைக்கும். எல்லாவற்றையும் முருகேஷ் கேட்டுக்கொண்டான். பிறகு, கிருஷ்ணப்பனிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

"மாமா, எனக்கு இங்க சொந்தம்னு ஒரு கட்டிலுகூட இல்லீங்க, அதுவும் கம்பெனிது. நீங்க பொண்ணு குடுக்கலன்னா நான் தப்பா நெனைக்க மாட்டன். எங்கப்பாவுக்காக மன்னிச்சுக்கங்க."

கிருஷ்ணப்பன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "லீவுல வாப்பா. பாப்பாகிட்ட நான் உள்ளதச் சொல்லிக்கறேன். அதுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதந்தான்."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார். அடுப்படிப் பக்கம் பார்த்து, "வர்றம்மா" என்று அக்காவிடம் சொன்னார். என்னிடம் தலையசைத்தார். மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டிச் சத்தம் போன பிறகும் முருகேஷ் லைனில் இருந்தான்.

"அப்பா."

"சொல்லுப்பா."

"ஒரு நூலு அளவுகூட ஏறி எறங்காம அந்தத் தரையப் போட்டன்பா. எங்க பையன் போட்டதுன்னு நீ நாலு பேத்துகிட்ட காட்டுவன்னுதான் உனக்கு அனுப்பிச்சேன். நான் டைல்ஸ் போடறன்னு சொல்ல உனக்கு அவ்வளவு வெக்கமா இருந்துச்சா?"

மாமா போனைக் கையில் எடுத்துத் திரையைப் பார்த்தார்.

"டவர் சரியில்லப்பா, ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார். மகன் கேட்டது அடுப்படியில் இருந்த அக்காவுக்குக்கூடக் கேட்டிருந்தது.