புளூபக் மேல் ஒரு கோடு

ராக் இசைக்குழுக்கள் விற்கும் டிஷர்ட்டின் முதுகில், அவர்கள் பாடப் போகும் ஊர்களின் பட்டியல் இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் எனக்கு அதெல்லாம் தண்ணிபட்ட பாடு. ஆனால் வெளிநாட்டு பையர் ஒருவர் கொடுத்த அந்த ஆர்டரில் ஊர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க மான்களின் பெயர்கள். அடாக்ஸ், ஹிரோலா, டாமா கசெல், போங்கோ என்று எல்லாம் அழிந்துகொண்டிருப்பவை. கடைசியில் புளூபக். அதன்மேல் மட்டும் குறுக்கே ஒரு கோடு.

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஊரில் சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசித்தவர் என்பதால், எந்தக் குழுவுக்கு டிஷர்ட் அடித்தாலும் அதன் பாட்டைப் போனில் தேடிப் போட்டுவிடுவார். இந்தக் குழுவின் பாட்டில் டிரம் மெதுவாக, விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

“வார்த்தை ஒண்ணும் வெளங்கல சார். ஆனா என்னமோ வரப்போவுதுன்னு சொல்லுத மாதிரி இருக்கு” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் ஆர்டர் ஷீட்டை நீட்டி அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டார். எங்கள் தொழிலில் ஷீட்டில் கோடு விழுந்தால் கேன்சல். கலரோ, சைஸோ, லேபிளோ, அதை யாரும் தொட மாட்டோம்.

“கோடு அடிச்சிருந்தா கேன்சலுங்க அண்ணாச்சி. எடுத்துடுங்க.”

“பையர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமா சார்?”

“இதையெல்லாமா கேப்பாங்க? நீங்க ஓட்டுங்க.”

நேரமில்லை என்று முன்பக்கப் படத்துக்கு மட்டும்தான் பையரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தேன். பின்பக்கம் வெறும் எழுத்துதானே என்ற மிதப்பு.

மொத்த லாட்டும் முடிந்த பிறகு பையரின் மெயில் வந்தது. கடைசிப் பெயர் எங்கே? அந்த மான் இருநூறு வருடங்களுக்கு முன்பே வேட்டையாடி ஒழிக்கப்பட்டுவிட்டதாம். அந்தக் கோட்டைக் காட்டத்தான் டிஷர்ட்டே.

ஜி.எம். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு டிஷர்ட் குப்புறக் கிடந்தது. எங்கள் கொங்குப் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

“அந்தப் பேரை எடுக்கச் சொன்னது யாருங்க? கொஞ்சம் சொல்றீங்களா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் டிஷர்ட்டின் கழுத்துத் தையலைப் பார்த்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தது நன்றாகவே தெரிந்தது.

“நாந்தான் சார். தப்பா எடுத்துட்டேன்” என்றார் அண்ணாச்சியே.

அந்த நிமிடமே ஜி.எம். அவரை வேலையை விட்டு நிறுத்தினார். வெளியே வந்ததும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு இப்பந்தான் புரமோஷன் வந்திருக்கு. ஜி.எம். கோவம் ஆறுனதும் எடுத்துச் சொல்லுங்க, திரும்பக் கூப்புடுவாவ. பையன் பிளஸ் டூ படிக்கான். நடுவுல ஊருக்குக் கூட்டிட்டுப் போவ முடியாது.”

“கட்டாயம் சொல்றனுங்க அண்ணாச்சி.”

கோபம் ஆறட்டும் என்றிருந்தேன். பிறகு மறுபடி அடிக்கும் வேலை முடியட்டும் என்றிருந்தேன். அதற்குள் ஒரு லாட்டையே கெடுத்த மாஸ்டர் என்று ஊரெல்லாம் அவர் பெயர் பரவிவிட்டது. எந்த யூனிட்டிலும் சேர்க்கவில்லை. பல்லடத்தில் கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. புது மாஸ்டர் பாட்டே போடுவதில்லை. சரக்கைச் சமாளித்து அனுப்பியதற்காக மீட்டிங்கில் ஜி.எம். என்னைப் பாராட்டினார்.

அந்த மீட்டிங்கில்தான் அண்ணாச்சியின் அழைப்பு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். முடிந்து பார்த்தபோது குரல் பதிவு ஒன்று இருந்தது.

“பையனுக்கு டி.சி. வாங்கியாச்சு சார். நாளைக்கு ஊருக்குக் கெளம்புதோம். நீங்களும் ஜி.எம்.கிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பிய. அதை நெனச்சுச் சங்கடப்படாதிய.”

ஜி.எம். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை.