என் வீட்டு இணைப்பிலிருந்து போன பதிவு

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் வீட்டு இணைய இணைப்பு பழுதானபோது, பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்கு வேண்டும் என்று என்னிடம் வந்தார். வைஃபை கடவுச்சொல்லை நானே அவர் கைப்பேசியில் தட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் சொந்த இணைப்பைச் சரிசெய்யவே இல்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் போய் அதைக் கேட்பது எனக்கு அசிங்கமாக இருந்தது.

நான் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எந்தக் கணினிக்கு எந்த ஐபி முகவரி என்று பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. இரண்டுக்கு ஒரே முகவரி போய்விட்டால் இரண்டுமே தடுமாறும். வீட்டிலும் ரவுட்டர் அந்த வேலையைத்தான் செய்கிறது. என் மடிக்கணினிக்கு ஒன்று, என் கைப்பேசிக்கு ஒன்று, அக்காவின் கைப்பேசிக்கு ஒன்று என்று உள்ளே தனித்தனி முகவரி கொடுக்கும். ஆனால் அவை வாசலைத் தாண்டாது. வெளியே போகும் எதுவானாலும் ரவுட்டரின் ஒற்றை முகவரியோடுதான் போகும். உள்ளே யார் அனுப்பினார்கள் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த ஒற்றை முகவரி யாருடையது என்று இணைய நிறுவனத்தைக் கேட்டால், என் பெயரைச் சொல்வார்கள்.

எங்களுக்குக் கீழ்மாடியில் ஒரு டீச்சர் தனியாக வாடகைக்கு இருந்தார். சின்ன வயசு, அமைதியான பெண். காலையில் பள்ளிக்கூடம் வரை என் காரில்தான் வருவார். பக்கத்து வீட்டு அக்கா தன் தம்பிக்கு அவரைப் பெண் கேட்டார். டீச்சர் சிரித்த முகத்தோடுதான் வேண்டாம் என்றார். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் அதை ஏற்றுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு வந்தது. பெயரில்லாத கணக்கு. டீச்சர் கல்யாணமான ஒருவரோடு திரிகிறார் என்று எழுதி, அவர் படத்தையும் போட்டிருந்தது. அக்கா வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் எடுத்த படம் அது. அன்றைக்கு வந்திருந்த எல்லோருடைய கைப்பேசியிலும் அந்தப் படம் இருந்தது. என்னுடையதிலும்தான். பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அது போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. டீச்சர் போலீசில் புகார் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை இரண்டு அதிகாரிகள் என் கதவைத் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் நம் ஆள், தமிழர்.

"அக்கா, இந்த வீட்டு லைன் உங்க பேர்லதானே?"

"ஆமா தம்பி. ஏன்?"

"டீச்சரைப் பத்தி ஒரு போஸ்டிங் வந்துச்சுல்ல, அது இந்த லைன்ல இருந்துதான் போயிருக்கு."

நான் விளக்கினேன். உள்ளே பல கருவிகள், வெளியே ஒரே முகவரி, பக்கத்து வீட்டுக்கும் இணைப்புக் கொடுத்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அதெல்லாம் ஸ்டேட்மெண்ட்ல சொல்லுங்கக்கா. இப்ப லேப்டாப்பும் போனும் வேணும்."

அவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போன கையோடு, எந்தக் கருவி எப்போது இணைந்தது என்று ரவுட்டரில் இருக்கும் குறிப்பைத் தொலைக்காட்சியின் இணைய உலாவியில் திறந்து பார்த்தேன். முந்தின வாரத்து இடிமழையில் மின்சாரம் போய் வந்ததில் பழைய குறிப்பெல்லாம் அழிந்திருந்தது. அதற்கு முன்னால் நடந்த எதுவும் அதில் இல்லை.

நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அக்கா கதவின் இரும்புக் கிரில்லைத் திறக்காமலேயே பேசினார்.

"உன் வீட்டு லைன்ல போனதுக்கு என்னைக் கேட்டா எப்படிலா? பிள்ளைங்க படிக்கத்தானே வாங்கினேன்?"

"என் வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன், அக்கா. நான் போடல."

"அப்ப போலீஸ்ல போய்ச் சொல்லு. உனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே."

வாக்குமூலத்தில் அவரைப் பற்றியும் சொன்னேன். அவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் கொண்டுபோனது ஒரு புதுக் கைப்பேசி. பழையது மார்க்கெட்டில் தொலைந்துவிட்டதாம்.

தொழிற்சாலையில் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். மறைத்து, பிறகு வேறு வழியாகத் தெரிந்தால் இன்னும் மோசம் என்று நினைத்தேன். மேலாளர் ரொம்பத் தன்மையாகப் பேசினார். அன்று மாலையே கணினிகளில் எனக்கிருந்த அனுமதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, கிடங்கில் பழைய விசைப்பலகைகளை எண்ணும் வேலையில் போட்டார்கள். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிடும்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். டீச்சர் என் காரில் வருவதை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, காரை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். முகவரி எப்படி வேலை செய்கிறது என்பதை, வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வதைவிட எளிமையாக அவருக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"எல்லாம் சரிக்கா. ஆனா உங்க வீட்டுல இருந்துதானே வந்துச்சு?"

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார்.

யார் எழுதினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் வழக்கு நின்றுபோனது. என் பொருள்களைத் திருப்பித் தந்தார்கள். பழைய வேலையும் கிடைத்தது. நான் எழுதவில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. டீச்சர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கெப்பாலா பத்தாஸ் போய்விட்டார். அவர் சாமான்களை லாரியில் ஏற்றியபோது உதவலாம் என்று கீழே இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவருடைய அம்மா மகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நான் திரும்பி மாடி ஏறினேன்.

பக்கத்து வீட்டு அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் தம்பிக்கு சுங்கை பட்டாணியில் பெண் அமைந்து கல்யாணமும் ஆகிவிட்டது. காலையில் மின்தூக்கியில் என்னைப் பார்த்தால், "வேலைக்கா?" என்று கேட்பார். நான், "ஆமாக்கா" என்கிறேன். ஒவ்வொரு நாளும் அப்படியே சொல்கிறேன், சிரித்த முகத்தோடு. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தீரமாட்டேன் என்கிறது.