புரண்டுபோன இலை

எனக்கு எதுவும் கச்சிதமாக இருக்க வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போய்க் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். செடிகளைப் பேப்பருக்குள் அழுத்திக் காயவைத்து ஒப்படைக்க வேண்டும். அழுத்திக் காயவைத்த காந்தள் செடியில் ஓர் இலை புரண்டுவிட்டதென்று தூக்கிப் போட்டேன். அடுத்ததில் பூ கசங்கியது, அதையும் எறிந்தேன். மறுபடி காட்டுக்குப் போனால், பூக்கும் காலமே முடிந்திருந்தது. மறுநாள் ஒப்படைக்கணும். அழுகையே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் படிக்கும் என் தங்கை, நான் முதலில் எறிந்ததைப் பேப்பரோடு எடுத்து வைத்திருந்தாள். "இன்னாக்கா நீ? எங்க புரோகிராம் மொதல் வாட்டியே ஓடுதா இன்னா? இதையே எடுத்துக்கினு போ" என்றாள்.

மறுநாள் வகுப்பில் கூசிக்கொண்டே நீட்டினேன். "அட, இலையோட பின்பக்கமும் தெரியுதே! இப்படித்தாம்மா வைக்கணும்" என்றார் மேடம்.

இப்போதெல்லாம் எந்தச் செடியானாலும், ஓர் இலையை நானே புரட்டிப் போட்டுத்தான் அழுத்துகிறேன்.