பழைய ஜீப்புக்குக் கதவு ரப்பர் போட்டபோது

பழைய ஜீப்புக்குக் கதவு ரப்பர் போடுகிறவன், வண்டிக்குள் என்ன வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். தண்ணீரா, தூசியா, சத்தமா? அப்படி ஒரு வண்டி வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும், பெரும்பாலும் மூன்றுமே வரும். விழுப்புரத்தில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது திண்டிவனத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். காய்ந்த ரப்பரைப் பிய்த்து, பழைய பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, புதியதை அழுத்திக்கொண்டே வருவதுதான் என் வேலை.

முந்தானை

கூட்டேரிப்பட்டில் டீக்கடை வைத்திருப்பவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்கு இளைப்பு. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அந்த ஜீப்தான். லாரி முந்தும்போதெல்லாம் வண்டிக்குள் புழுதி நிறையுமாம். வழி முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பேசாமல் வருவாராம்.

முன்கதவுகளுக்கு மட்டும் போட்டால் போதும் என்றார் டீக்கடைக்காரர். புழுதியை உள்ளே இழுப்பது பின்கதவுதான் என்று சொல்லி அதற்கும் போட்டேன். கதவிடுக்கில் காகிதத்தை வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்தோம். எங்கேயும் உருவிக்கொண்டு வரவில்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கடை வாசலில் நிறுத்தினார். அந்த அம்மா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இவர் மட்டும் இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கி வழியெல்லாம் எங்கூடச் சண்ட போட்டுக்கினே வந்தா சார்."

இடது கை

காணைப் பக்கத்துக் கரும்பு விவசாயி அவர். கரும்பு ஆலையில் சிக்கி வலது கை போய்விட்டது. அதிலிருந்து ஜீப்பை ஓட்டுவது மகள்தான். மழைத்தண்ணீர் அவர் மடியில் சொட்டுகிறது என்று அந்தப் பெண்ணே வண்டியைக் கொண்டுவந்தாள். நல்ல கெட்டி ரப்பராகப் போட்டு அனுப்பினேன்.

மறுநாளே இருவரும் வந்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லையாம். புது ரப்பர் முரண்டு பிடிக்கும், ஓங்கிச் சாத்தினால் சில நாளில் பதிந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன். கிளம்பும்போதுதான் கவனித்தேன். அவர் இடது கையால் இழுத்து இழுத்துப் பார்த்தும் கதவுப் பூட்டு விழவில்லை. மகள் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வெளியிலிருந்து தள்ளிச் சாத்தினாள். அவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். கெட்டி ரப்பரைக் கழற்றி, உள்ளே குழாய் போலப் பொள்ளலாக இருக்கும் மெத்தென்ற ரப்பரைப் போட்டு, பூட்டுக் கொக்கியையும் கொஞ்சம் வெளியே நகர்த்தினேன். இழுத்தார், ஒரே இழுப்பில் பூட்டு விழுந்தது. திறந்து இன்னொரு தடவை சாத்தினார். பிறகு மகளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீ எறங்கி வர வேணாம், போம்மா."

அறுந்த ரப்பர்

போன வருஷப் பெருமழைக்குப் பிறகு, விழுப்புரத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஜீப்பில் ஒரு கதவில் மட்டும் ரப்பரே இல்லை. எலி கடித்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சொன்னார்.

ஏரித்தண்ணீர் ரோட்டைத் தாண்டிப் பாய, மேட்டில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஏழெட்டு அடி தள்ளி ஒருவர், தோளில் பெண் குழந்தையோடு மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இவரிடம் கயிறு இல்லை. கதவு ரப்பரை முழுசாக உருவி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசியிருக்கிறார். அந்த ஆள் குழந்தையின் இடுப்பில் கட்டிவிட்டார். குழந்தை கரைக்கு வந்தது. மறுபடி வீசினார். அந்த ஆள் பிடித்துக்கொண்டு கம்பத்தை விட்டதும், நடுவில் ரப்பர் அறுந்தது. தண்ணீர் வடிந்த பிறகுதான் உடல் கிடைத்தது. குழந்தை அம்மாவிடம் இருக்கிறதாம்.

வேலை முடிந்ததும் அவர் புது ரப்பரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "காஞ்சி போயிருந்தது தெரியும்ங்க. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கினேதான் இருந்தேன்."

உங்கள் ஜீப்பின் ரப்பரையும் அடுத்த மாதம் மாற்றுவதாகத்தான் வைத்திருப்பீர்கள். என் கடைக்கு வரும் எல்லா வண்டியும் அந்த அடுத்த மாதத்தைத் தாண்டித்தான் வருகிறது.