எழுபத்திரண்டு போட்ட சங்கரி

செவிலிமேட்டில் சங்கரியைப் போல, சேலையில் நெய்யும் பூவான புட்டாவுக்குக் கணக்கு வைக்க ஆளில்லை என்பது அவள் அண்ணன் சிவபாலனின் முடிவு. ஒரு புட்டா இருபத்துநான்கு இழைக்கு ஒருமுறையும் இன்னொன்று முப்பத்தாறு இழைக்கு ஒருமுறையும் விழுந்தால், இரண்டும் ஒரே வரிசையில் சேருவது எழுபத்திரண்டில் என்று தறியை நிறுத்தாமலே சொல்வாள்.

அந்தப் பழக்கம்தான் அவளைத் தேர்வில் கவிழ்த்தது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள், முப்பத்துமூன்று வயதில் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதத் தொடங்கினாள். மற்ற பாடங்கள் முதல் தடவையே தேறின. தேற முப்பத்தைந்து மதிப்பெண் வேண்டும்; கணக்கில் மட்டும் இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று. இனி வலது தோள் தறியைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது வேண்டும்; விண்ணப்பிக்க வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஆகஸ்டு பிறந்தால் தாண்டிவிடும். ஜூலைத் தேர்வை விட்டால் வேறு வழியில்லை.

தேர்வு வாசலில், கூட எழுத வந்த ஏஞ்சல் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, மீப்பெரு பொது வகுத்தி கேட்டா இந்த வாட்டியும் எழுவத்திரண்டு போட்டுட்டு வந்துடாத."

"பேர்லயே பெருசுன்னு இருக்குதே, இன்னா பண்ணச் சொல்ற?"

"பேருதான்க்கா பெருசு. ஆளு சின்னது, எங்க வூட்டுக்காரரு மாதிரி."

சங்கரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வி வந்தே விட்டது: 24x³y², 36x²y⁵ இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி காண்க. கை தானாக 72x³y⁵ என்று எழுதியது. எழுதிய பிறகுதான் அந்த எழுபத்திரண்டைக் கவனித்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம்தான்மா" என்றார் கண்காணிப்பாளர்.

சூத்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் அறுந்தால் முடிந்து சேர்க்க, மீந்த நூலை வெட்டிவைப்பதுதான் நினைவுக்கு வந்தது. இருபத்துநான்கு சாண் ஒன்று, முப்பத்தாறு சாண் ஒன்று. இரண்டையும் ஒரே அளவில், மிச்சம் விழாமல் வெட்ட வேண்டும். எட்டு சாண் வெட்டினால் இரண்டாவதில் நான்கு மிஞ்சும். ஆறு ஒத்துவரும். அதைவிடப் பெரிதாக? பன்னிரண்டு. அதற்கு மேல் முடியாது.

இங்கே x மூன்று, அங்கே இரண்டு. இரண்டுக்குத்தான் ஜோடி உண்டு. ஒன்று தனியாக நிற்கும். y இங்கே இரண்டு, அங்கே ஐந்து. அதிலும் இரண்டுதான். பழையதை அடித்துவிட்டு 12x²y² என்று எழுதினாள்.

உடனே இன்னொரு பயம். முன்பக்கத்தில் மீச்சிறு பொது மடங்குக் கணக்கு ஒன்றை முடித்திருந்தாள். அதுவும் தப்போ? பேனா முள் அந்த விடையைத் தொட்டது. அடிக்கப் போனவள் நிறுத்தினாள். மடங்கு என்றால் புட்டாக்கள் சேருமிடம். அது சரிதான். மணி அடித்தது.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி சிவபாலன் கைபேசியில் முடிவைப் பார்த்தான். திரையில் விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"போச்சாண்ணா?"

"இரும்மா, எண்ணிக்கினு இருக்கேன்."

"மார்க்க எண்ணுவாங்களா?"

"முப்பத்தஞ்சும்மா. சரியா முப்பத்தஞ்சு."

அவள் நம்பாமல் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். விண்ணப்பம் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, மதிப்பெண் பட்டியலை அச்செடுக்க அண்ணனோடு அப்போதே கிளம்பினாள்.