முப்பத்தேழும் எண்பத்துநாலும்

தாராவிப் பித்தளைப் பட்டறைகளில் விஜயராணியைத் தெரியாதவர் கிடையாது. முகைதீன் பாயின் பெல்ட் பக்கிள் செய்யும் பட்டறையில் பதினெட்டு வருஷமாகப் பழைய பித்தளை பொறுக்குகிறாள். குழாய் மூடி, பூட்டு, தாழ்ப்பாள், உடைந்த விளக்கு என்று மூட்டை மூட்டையாக வருவதைத் தரையில் கொட்டி, உருக்க ஆனது எது, ஆகாதது எது என்று பிரிப்பது அவள் வேலை. ஆனால் புனேயிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் அவளுக்கு போன் வருவது இதற்காக அல்ல. ஜப்பான்காரனின் பழைய பட்டாளத்து வாளுக்குக் கைப்பிடிச் சாமான் வேண்டுமென்றால் இந்த ஊரில் அவளைத்தான் கேட்க வேண்டும். முதல் தடவை கேள்விப்படுகிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டுச் சாமானை எடுத்துக் கொடுப்பாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மூட்டையில் ஐந்து இதழ்ப் பூ பதித்த, முட்டை வடிவத் தகடு ஒன்று வந்தது. நடுவில் நீளமாக ஒரு துளை. அழகாக இருக்கிறதே என்று எடுத்து வைத்தாள். சோர் பஜாரில் பழம்பொருள் விற்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு விளக்கினார். இது ஜப்பானிய அதிகாரியின் வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே நிற்கும் தகடு. பர்மாவில் அவர்கள் சரணடைந்தபோது ஒப்படைத்த வாள்கள் இங்கே எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன என்றார். அன்றிலிருந்து அவள் கண் அதற்கே பழகிப்போனது. தகடு, அதன் இரு பக்கமும் நாலு நாலாக மெல்லிய வாஷர், கயிற்றுச் சுற்றுக்கு அடியில் இரண்டு பூ, நுனியில் ஒரு தொப்பி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ஒரே ஒரு மூங்கில் ஆணி. ஒவ்வொரு வாளின் தகட்டிலும் வாஷர்களிலும் அந்த வாளுக்கு உரிய ஒரு நம்பரைப் பொடியாக அடித்திருப்பார்கள். ஒன்றின் வாஷர் மற்றொன்றுக்குச் சேராது. மயிரிழை கூடும் அல்லது குறையும், கைப்பிடி லொடலொடவென்று ஆடும்.

வாளைத் தூக்கிக்கொண்டு யாரும் தாராவிக்கு வரக்கூடாது என்பது அவள் கண்டிப்பு. கனமான கல்யாணப் பத்திரிகை ஒன்றில் துளையின் அளவை வெட்டி, நம்பரை எழுதி அனுப்பினால் போதும். அவள் தகரப் பெட்டியில் அப்படி ஐம்பது அறுபது பத்திரிகைகள் உண்டு. எல்லாவற்றிலும் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை.

போன ஆகஸ்டில் மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் என்பவர் பேசினார். பேங்கில் ரிடையர் ஆனவர், எழுபத்துமூன்று வயது. அவர் அப்பா அனந்தநாராயணன் பர்மாவில் ராணுவக் கிடங்குக் குமாஸ்தாவாக இருந்தவர். மேலதிகாரி கொடுத்த வாளோடு ஊர் திரும்பியவர். இப்போது கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். தீபாவளிக்குள் முலுண்டில் வாடகை ஃப்ளாட்டுக்குப் போகவேண்டும். வாள் அங்கே வந்தால் நான் வரமாட்டேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். புனே பக்கம் ஒரு படைப்பிரிவின் சின்ன அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளத் தயார், பக்கத்திலேயே அப்பா பெயர் எழுதிய அட்டையும் வைப்பார்கள். ஆனால் எல்லாப் பாகமும் ஒரே நம்பராக இருக்கவேண்டும். இவருடைய வாள் முப்பத்தேழு. அதில் நாலு வாஷர் மட்டும் குறைகிறது. சரஸ்வதி பூஜைக்குள் கிடைக்காவிட்டால் வாள் பழைய இரும்போடு போகவேண்டியதுதான்.

"அப்பா பேர்ல யாரும் தெரு வெக்கப் போறதில்லேம்மா. ஒரு கார்டு, அவ்வளவுதான். அதாவது இருக்கட்டும்னு பாக்கறேன்" என்றார்.

அந்தப் பேச்சு விஜயராணிக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. குர்லா, சோர் பஜார், மான்குர்த் என்று ஒரு மாதம் அலைந்தாள். முப்பத்தேழு கண்ணில் படவில்லை. நம்பரே இல்லாத வாஷர் நாலு அவள் பெட்டியிலேயே இருந்தது, கனமும் கிட்டத்தட்டச் சரி. அவள் புருஷன் நயினார் டெம்போ ஓட்டுகிறவன். எதையும் சுருக்கு வழியில் முடிக்கப் பார்க்கிறவன்.

"ஏட்டி, முப்பத்தேழுன்னு அடிக்க எம்புட்டு நேரமாவும்? பாய்கிட்ட பஞ்ச் இருக்குல்லா" என்றான்.

"மனுசன்கிட்ட வேணா பொய் சொல்லுவேன், பித்தளையில பொய் அடிக்க மாட்டேன். ஒண்ணு அடிச்சேன்னா, இதுவரைக்கும் குடுத்த அம்புட்டும் பொய்னு ஆயிராதா?"

கிடைக்கவில்லை என்று போனில் சொல்ல மனம் வராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே மாட்டுங்காவுக்குப் போனாள். பாதி வீடு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. சொல்வதற்கு முன்னால் கைப்பிடியை ஒரு தரம் கழற்றிக் காட்டச் சொன்னாள். பெரியவர் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். தகட்டைச் சுற்றி எட்டு வாஷரும் இருந்தன. நாலில் முப்பத்தேழு. மற்ற நாலில் வருஷா வருஷம் பூஜையில் வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகி எழுத்தை அடைத்திருந்தது. இந்த நாலைத்தான் பெரியவர் குறைகிறது என்றிருந்தார்; வேறு ஏதோ நம்பர், அதைப் போய் யார் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டார். விஜயராணி ஹேர்பின்னால் சுரண்டினாள். எண்பத்துநாலு.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செம்பூரிலிருந்து கேஷவ் என்று ஒருவர் இரண்டு வருஷமாக, மாதம் பிறந்தால் தவறாமல் போன் செய்து, எண்பத்துநாலு நாலு கிடைத்ததா என்று அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அப்படி யாரையாவது தெரியுமா என்று கேட்டாள்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பேரை இந்த வீட்டில் சொல்வதில்லை என்றார். சொல்வதில்லை என்று சொன்னவர்தான் அரைமணி நேரம் அதையே சொன்னார்.

கேஷவின் அப்பா ஹரிஹரனும் அதே கிடங்கில் குமாஸ்தா. இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளோடு திரும்பி, இதே மாடியில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். அறுபத்துமூன்றாம் வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இரண்டு வாளையும் கழற்றி, பித்தளையை எல்லாம் ஒரே பேசினில் புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். தேய்த்து முடிப்பதற்குள் ராகுகாலம் நெருங்கிவிட்டது. பூஜையில் வைத்தாக வேண்டுமே என்று கைக்கு வந்ததை எடுத்து அவசர அவசரமாக மாட்டினார்கள். பட்டாளத்துச் சட்டைப் பித்தானுக்குக்கூட நம்பர் போட்டு எழுதிய இரண்டு மகாராஜன்களுக்கும் கையிலிருந்த நம்பரைப் பார்க்கத் தோன்றவில்லை. பூஜை முடிந்து எடுத்தால் இரண்டு வாளும் ஆடுகிறது. நல்லதை நீ எடுத்துக்கொண்டாய் என்று இவர் சொல்ல, நீதான் என்று அவர் சொல்ல, அந்த வருஷமே ஹரிஹரன் செம்பூருக்குக் குடி போனார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குப்பின் பேசவில்லை.

காணாமல் போனது எதுவும் இல்லை, மாறித்தான் போயிருக்கிறது என்று விஜயராணி சொன்னபோது பெரியவர் அந்த வாஷரை வேட்டியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆனாலும் நான் ஏன் முதலில் போன் செய்யவேண்டும் என்றார். மறுநாள் செம்பூருக்குப் போனால் கேஷவும் வார்த்தை மாறாமல் அதையே கேட்டார்.

அறுபது வருஷம் ஆகியும் இந்த வீம்பா என்று அவளுக்குக் கோபமாக வந்தது. உடனே கேஷவிடம், மாட்டுங்கா சார்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னார் என்றாள். திரும்பி வந்து, செம்பூர் சார் தானே வருகிறேன் என்கிறார் என்று வேங்கடசுப்ரமணியனிடம் சொன்னாள். இரண்டும் பச்சைப் பொய். அவளுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

பூஜைக்கு முதல் நாள் காலை, பழைய வேட்டியில் சுற்றிய வாளோடு கேஷவ் டாக்சியில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேருமே விஜயராணியிடம் மட்டும் பேசினார்கள். அவள் தரையில் பேப்பரை விரித்து இரண்டு கைப்பிடியையும் கழற்றச் சொன்னாள். பதினாறு வாஷரையும் ஒரே எவர்சில்வர் தட்டில் கொட்டிக் கலந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் தொட மாட்டேன். உங்க அப்பாமாரு கலந்தது, நீங்களே பொறுக்குங்க."

வேங்கடசுப்ரமணியனின் கண்ணாடி எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறதோ தெரியவில்லை. கேஷவிடம் பூதக்கண்ணாடி இருந்தது, ஆனால் அவருக்குக் கை நடுங்கும். ஆகவே ஒருவர் படிக்க, ஒருவர் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. முப்பத்தேழு, எண்பத்துநாலு, எண்பத்துநாலு, முப்பத்தேழு. கேஷவ் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ராகம் போட்டுப் படித்தார். ஆறாவதிலோ ஏழாவதிலோ வேங்கடசுப்ரமணியன் தெரியாத்தனமாக அந்த ராகத்திலேயே பதில் சொல்லிவிட, இரண்டு பேரும் அடக்க மாட்டாமல் சிரித்தார்கள். விஜயராணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாட்டி, ஆணியைத் தட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு சத்தம் இல்லை. இரண்டு வாளும் கல் மாதிரி நின்றன.

கேஷவ் வாளைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பா கடைசி வரைக்கும், அனந்து எடுத்திருக்க மாட்டான்னு சொல்லிண்டேதான்டா இருந்தார். வந்து கேக்கத்தான் வெக்கப்பட்டார்" என்றார்.

வேங்கடசுப்ரமணியன் எழுந்து உள்ளே போனார். காபி போட்டுக்கொண்டு வர வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆயிற்று. வந்ததும், என்னுடைய வாளும் கூட அருங்காட்சியகத்துக்கே போகட்டும், சேர்ந்து வந்தது சேர்ந்தே இருக்கட்டும் என்றார் கேஷவ். அருங்காட்சியகத்து ஃபாரம் எல்லாம் எழுதி முடித்துத் தயாராக இருந்தது. அட்டையில் போடவேண்டிய பெயருக்கான ஒரு வரி மட்டும் காலி. இத்தனை நாளும் அந்த வரிக்காகவே தவித்த மனிதர் பேனாவைக் கேஷவ் பக்கம் நகர்த்தி, உங்கப்பா பெயரை முதலில் எழுது என்றார்.

கேஷவ் நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுதினார். என்ன எழுதியிருக்கிறது என்று விஜயராணி கேட்டாள். வேங்கடசுப்ரமணியன் காகிதத்தைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"அனந்தநாராயணன். ஹரிஹரன், அடுத்த வீடு."